ஆபிரகாமின் வீட்டுப் பிள்ளைகள் யார்? விருத்தசேதனம் யூதத்திலும் கிறிஸ்தவத்திலும்

யூதர்கள் உடலைப் பிடித்துக்கொண்டார்கள், கிறிஸ்தவம் உள்ளத்தைப் பார்க்கச் சொன்னது. விருத்தசேதனம், அதாவது ஆணின் நுனித்தோலை நீக்கும் சடங்கு பற்றிப் பேச்சு வரும்போது நம் ஊர்ப் பிரசங்கங்களில் பெரும்பாலும் இந்த விளக்கம்தான் கிடைக்கும். கேட்க எளிதாக இருக்கிறது, மனதிலும் உடனே பதிந்துவிடுகிறது. ஆனால் பைபிளைத் திறந்து உட்கார்ந்தால் சில பக்கங்களிலேயே அது ஆட்டம் காண்கிறது. "உங்கள் இருதயத்தின் நுனித்தோலை விருத்தசேதனம் பண்ணுங்கள்" என்ற கட்டளை இயேசுவின் அப்போஸ்தலர் பவுலின் கடிதத்தில் முதலில் வந்ததல்ல. யூதர்களின் தோராவிலேயே (மோசேயின் ஐந்து நூல்கள்), உபாகமம் 10-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. மறுபக்கம், யூதர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு விருத்தசேதனம் செய்வதை நிறுத்த வேண்டும் என்று பவுல் ஓரிடத்திலும் எழுதவில்லை.

அப்படியானால் இரண்டு மதங்களும் பிரிந்த இடம் எது? என் பார்வையில், உடலா உள்ளமா என்பதில் அவர்கள் பிரியவில்லை. ஆபிரகாமின் குடும்பத்தில் யார் சேர்த்தி, எந்த வாசல் வழியாகச் சேர்த்தி என்பதில்தான் பிரிந்தார்கள். அதைப் பார்க்க ஆதியாகமம் 17-ஆம் அதிகாரத்திலிருந்து தொடங்க வேண்டும்.

ஆபிராமுக்கு அப்போது 99 வயது. கடவுள் அவனுக்குத் தரிசனமாகி, ஆபிரகாம் என்ற புதுப் பெயரும் திரளான சந்ததியும் கானான் தேசமும் தருவதாக வாக்குக் கொடுக்கிறார். அந்த உடன்படிக்கைக்கு அடையாளமாகக் கேட்பது இதைத்தான்: வீட்டிலுள்ள ஒவ்வொரு ஆணின் நுனித்தோலும் நீக்கப்பட வேண்டும். இனிப் பிறக்கும் ஆண் குழந்தைக்கு எட்டாம் நாளில் செய்ய வேண்டும். பணம் கொடுத்து வாங்கிய அடிமைக்கும் இது பொருந்தும். செய்துகொள்ளாதவன் தன் ஜனத்திலிருந்து அறுப்புண்டு போவான். அன்றைய தினமே ஆபிரகாமும் 13 வயது மகன் இஸ்மவேலும் வீட்டு ஆண்கள் எல்லாரும் விருத்தசேதனம் பெறுகிறார்கள். ஈசாக்கு பிறந்தபோது எட்டாம் நாளில் அது நடக்கிறது.

எட்டாம் நாள் என்பதைச் சாதாரணமாகக் கடந்துவிடக் கூடாது. இந்தப் பழக்கம் இஸ்ரவேலருக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. எகிப்தில் சக்காராவிலுள்ள அன்க்மாஹோரின் கல்லறைச் சுவரில் ஒரு சிற்பம் இருக்கிறது. வயதுவந்தவர்களுக்கு இது செய்யப்படும் காட்சி அது. ஆபிரகாம் வாழ்ந்ததாக வழக்கமாகச் சொல்லும் காலத்துக்கும் முந்தையது. எரேமியா தீர்க்கதரிசியும் எகிப்தியர், ஏதோமியர், அம்மோனியர், மோவாபியர் ஆகியோரை யூதாவோடு சேர்த்தே விருத்தசேதனம் உள்ளவர்களாகப் பட்டியலிடுகிறார். பல சமூகங்களில் இது ஒரு பையன் ஆண்மகனாகும் பருவத்துச் சடங்கு, திருமணத்துக்குத் தயார் என்பதன் அறிகுறி. இஸ்ரவேல் அந்தப் பழைய வழக்கத்தை எடுத்து, பிறந்து எட்டே நாளான குழந்தைக்கு மாற்றியது. வீரமோ வயதோ அங்கே கணக்கில் இல்லை. அந்தக் குழந்தை எதையும் தேர்ந்தெடுக்கவில்லை, எதையும் சாதிக்கவில்லை. வாக்குறுதி அவனுக்கு முன்பே இருக்கிறது, அவன் அதற்குள் பிறக்கிறான். இந்த மாற்றத்தில்தான் யூத அர்த்தத்தின் உயிரே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அடையாளம் அந்த இடத்தில் ஏன்? கடவுள் கொடுத்த வாக்கு சந்ததியைப் பற்றியது. சந்ததி வரும் வழியிலேயே முத்திரை வைக்கப்படுகிறது. பிள்ளையில்லாத கிழவனுக்குப் பிள்ளை கிடைக்கும் என்று சொல்லும் அதே அதிகாரத்தில் இந்தக் கட்டளை வருவது தற்செயலாகத் தோன்றவில்லை.

இந்தச் சடங்கின் எடை காலப்போக்கில் கூடிக்கொண்டே போனது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்கள், விருத்தசேதனம் செய்யாத மக்கள் நடுவில் வாழ நேர்ந்தது. ஆலயம் இல்லை, அரசன் இல்லை, சொந்த மண் இல்லை. கூடவே கொண்டுபோக முடிந்தவை ஓய்வுநாளும் இந்த அடையாளமும்தான். ஆதியாகமம் 17 இன்றுள்ள வடிவத்தில் எழுதப்பட்டது அந்தச் சிறையிருப்புக் காலத்தையோ அதற்குப் பிந்தைய காலத்தையோ சேர்ந்தது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம் கிரேக்கர்கள் வந்தார்கள். கிரேக்கப் பண்பாட்டில் ஆண்கள் உடற்பயிற்சிக் கூடங்களில் ஆடையில்லாமல் பயிற்சி செய்வார்கள். நுனித்தோல் நீக்கிய உடல் அவர்கள் கண்ணுக்குச் சிதைந்த உடல். எருசலேமிலேயே அப்படி ஒரு கூடம் கட்டப்பட்டது. சில யூதர்கள் விருத்தசேதனத்தின் தடத்தையே மறைத்துக்கொண்டார்கள் என்று மக்கபேயர் முதல் நூல் வேதனையோடு பதிவு செய்கிறது. கி.மு. 167-ல் அந்தியோகஸ் எபிபானஸ் மன்னன் இந்தச் சடங்கையே தடை செய்தான். மீறிய தாய்மார்கள் கொல்லப்பட்டார்கள், அவர்கள் கழுத்தில் குழந்தைகளைத் தொங்கவிட்டார்கள் என்று அதே நூல் சொல்கிறது. தங்கள் பிள்ளைகளுக்கு இதைச் செய்வதற்காக உயிரையே விட்டவர்கள் இருக்கும் ஒரு சமூகத்தில், அது அதற்குப் பிறகு வெறும் வழக்கமாக இருக்க முடியுமா? பவுல் எழுத வரும்போது இந்த நினைவுக்கு வயது இருநூறு ஆண்டுகளுக்குச் சற்றே அதிகம். அவருடைய எதிராளிகளைப் பிடிவாதக்காரர்கள் என்று சுலபமாக ஒதுக்குகிறவர்கள் இந்தத் தாய்மார்களை மறந்துவிடுகிறார்கள்.

சடங்கின் உள்ளே போய்ப் பார்த்தால் அர்த்தம் இன்னும் தெளிவாகும். யூதர்கள் இதை 'ப்ரித் மிலா' என்பார்கள், விருத்தசேதனத்தின் உடன்படிக்கை. பேச்சுவழக்கில் ப்ரித் என்றாலே போதும். செய்பவர் மோகெல், இதற்கென்றே பயிற்சி பெற்றவர். குழந்தையை மடியில் வைத்துக்கொள்பவர் சண்டாக். பெரும்பாலும் தாத்தாவுக்கோ குடும்பம் மதிக்கும் ஒரு பெரியவருக்கோ அந்தக் கௌரவம் கிடைக்கும். எலியா தீர்க்கதரிசிக்கென்று ஒரு நாற்காலி போட்டிருப்பார்கள். ஒவ்வொரு ப்ரித்துக்கும் எலியா சாட்சியாக வருகிறார் என்பது நம்பிக்கை. நம் தந்தை ஆபிரகாமின் உடன்படிக்கைக்குள் இவனைக் கொண்டுவரக் கட்டளையிட்டவரே என்று அப்பா கடவுளை ஸ்தோத்திரிப்பார். கூடியிருப்பவர்கள், இவன் உடன்படிக்கைக்குள் வந்ததுபோலவே தோராவுக்குள்ளும் திருமணப் பந்தலுக்குள்ளும் நற்செயல்களுக்குள்ளும் வரட்டும் என்று வாழ்த்துவார்கள். திராட்சரசக் கிண்ணத்தின்மேல் ஆசி சொல்லி, குழந்தைக்குப் பெயர் வைப்பார்கள். பிறகு சாப்பாடு. இது ஒரு குடும்ப விசேஷம்.

எட்டாம் நாள் ஓய்வுநாளில் விழுந்தாலும் ப்ரித் நடக்கும். ஓய்வுநாளில் தீ மூட்டக்கூட அனுமதிக்காத சட்டம் இதற்கு வழிவிடுகிறது. ஆனால் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் தள்ளிவைக்க வேண்டும், அதில் விவாதமே கிடையாது. ஒரு தாயின் இரண்டு மகன்கள் விருத்தசேதனத்தால் இறந்திருந்தால் மூன்றாமவனுக்குச் செய்யக் கூடாது என்று தல்மூத், அதாவது யூத மத ஆசிரியர்களான ரபீக்களின் விவாதத் தொகுப்பு பேசுகிறது. இரத்தம் உறையாத பரம்பரை நோயைப் பற்றிய மிகப் பழைய கவனிப்புகளில் ஒன்றாக மருத்துவ வரலாற்றில் இதைக் குறிப்பிடுகிறார்கள். அப்படிச் செய்யாமல் விடப்பட்டவன் யூதன் இல்லையா? யூதன்தான். யூத மரபுச் சட்டப்படி யூதத் தாய்க்குப் பிறந்தவன் பிறப்பாலேயே யூதன். ப்ரித் அவனை யூதனாக ஆக்குவதில்லை. ஏற்கெனவே உள்ள உறவுக்கு உடலில் சாட்சி வைக்கிறது. கிறிஸ்தவ வாசகர்கள் பெரும்பாலும் தவறவிடும் இடம் இது. நம் பழக்கத்தில் ஞானஸ்நானம் ஒருவரை உள்ளே சேர்க்கிறது. அதே கண்ணோடு ப்ரித்தைப் பார்க்கும்போது பாதி விளங்காமல் போய்விடுகிறது.

இன்னொரு விதியையும் சொல்ல வேண்டும். சிறு வயதில் மருத்துவக் காரணத்துக்காக நுனித்தோல் நீக்கப்பட்ட ஒருவர் பின்னாளில் யூத மதத்துக்கு மாறினால், மரபுவழி யூதர்கள் அவருக்கு ஒரு துளி இரத்தம் எடுத்துச் சடங்கைச் செய்வார்கள். ஆஸ்பத்திரியில் நடந்தது ப்ரித் ஆகாது. உடன்படிக்கை என்ற நோக்கம் இல்லையென்றால் அது வெறும் அறுவைச் சிகிச்சை. சுகாதாரத்துக்காகத்தான் மோசே இதைக் கொடுத்தார் என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள். இந்த ஒரு விதியே அதற்குப் போதுமான பதில்.

யூத அறிஞர்கள் காரணம் தேடாமல் இருந்ததில்லை. இயேசுவின் காலத்தில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த பிலோ, சுத்தம் முதல் சிற்றின்பத்தை அறுத்தெறிவதன் குறியீடு வரை பல காரணங்களை அடுக்கினார். ஆனால் குறியீடு புரிந்துவிட்டது, இனிச் செயல் தேவையில்லை என்று சொன்ன யூதர்களை அவரே கண்டித்தார். ஆன்மா முக்கியம் என்பதற்காக அது குடியிருக்கும் உடலைக் கைவிட முடியுமா என்பது அவர் வாதம். 12-ஆம் நூற்றாண்டில் மைமோனிதீஸ், இச்சையைத் தணிக்கவே இந்தக் கட்டளை என்றார். கூடவே, ஒரே கடவுளை நம்புகிறவர்களை ஒருவரோடொருவர் பிணைக்கும் உடல் அடையாளம் இது என்றும் சேர்த்தார். இரண்டாவது காரணம்தான் எனக்கு அதிகம் பொருந்துகிறது.

சரி, கிறிஸ்தவத்துக்கு வருவோம்.

இயேசு எட்டாம் நாளில் விருத்தசேதனம் பெற்றார், அன்றுதான் அவருக்குப் பெயர் வைத்தார்கள் என்று லூக்கா எழுதுகிறார். யோவான்ஸ்நானகனுக்கும் அப்படியே. பவுல் தன்னைப் பற்றிச் சொல்லும்போது "எட்டாம் நாளில் விருத்தசேதனமடைந்தவன்" என்றுதான் தொடங்குகிறார். முதல் சீடர்கள் எல்லாரும் யூதர்கள். அவர்களுக்குள் இது ஒரு பிரச்சினையே இல்லை. யூதரல்லாதவர்கள் இயேசுவை நம்பத் தொடங்கியபோதுதான் பிரச்சினை வந்தது.

அன்றைய ஜெப ஆலயங்களைச் சுற்றி, யூதர்களின் கடவுளை வணங்கியும் விருத்தசேதனம் வரை போகாமல் நின்ற கிரேக்கரும் ரோமரும் இருந்தார்கள். அப்போஸ்தலர் நடபடிகளில் தேவபயமுள்ளவர்கள் என்று வருகிறவர்கள் அவர்கள். இவர்களை என்ன செய்வது என்பதில் யூதர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இருக்கவில்லை. யோசேபஸ் என்ற யூத வரலாற்றாசிரியர் அதியாபெனே நாட்டு அரசன் இசாத்தேஸைப் பற்றி எழுதியிருக்கிறார். யூத மார்க்கத்தைத் தழுவ விரும்பிய அவனிடம், விருத்தசேதனம் இல்லாமலே கடவுளை வணங்கலாம் என்றார் ஒரு யூத ஆசிரியர். பிறகு கலிலேயாவிலிருந்து வந்த இன்னொருவர், சட்டத்தைப் படித்துக்கொண்டே அது சொல்வதைச் செய்யாமல் இருப்பது தகாது என்றார். அரசன் செய்துகொண்டான். பவுல் கடிதம் எழுதிய கலாத்தியா சபைகளைக் கலக்கிய அதே கேள்விதான் ஓர் அரண்மனையிலும் எழுந்திருக்கிறது.

கி.பி. 49 வாக்கில் எருசலேமில் கூடிய ஆலோசனைக் கூட்டம் இதைத்தான் விவாதித்தது. விருத்தசேதனம் இல்லாவிட்டால் இரட்சிப்பு இல்லை என்று ஒரு தரப்பு சொன்னது. கொர்நேலியு என்ற ரோமப் படைத்தலைவன் வீட்டில் பரிசுத்த ஆவி இறங்கியதைத் தன் கண்ணால் கண்ட பேதுரு எழுந்து பேசினார். கடைசியில் எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபு தீர்ப்புச் சொன்னார்: புறஜாதியாரை (யூதரல்லாதவர்களை) கலங்கப்பண்ண வேண்டாம், விக்கிரகங்களுக்குப் படைத்தவை, வேசித்தனம், நெருக்குண்டு செத்தது, இரத்தம் இவற்றை விலக்கினால் போதும். யூத விசுவாசிகள் தங்கள் பிள்ளைகளுக்கு என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வியே அங்கு எழவில்லை.

பவுல் நடந்துகொண்ட விதத்தையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். அவருடைய உடன் ஊழியன் தீமோத்தேயுவின் தாய் யூதப் பெண், தந்தை கிரேக்கன். அவனுக்குப் பவுலே விருத்தசேதனம் பண்ணினார். இன்னொரு உடன் ஊழியன் தீத்து கிரேக்கன். அவனுக்குச் செய்ய வேண்டிய கட்டாயத்தை அவர் ஏற்கவே இல்லை. முன்னுக்குப் பின் முரண் என்று தோன்றலாம். யூதத் தாயின் மகன் யூதனாக இருக்கட்டும், கிரேக்கன் கிரேக்கனாகவே கிறிஸ்துவிடம் வரட்டும் என்று வாசித்தால் முரண் இல்லை. கொரிந்தியருக்கும் இதையே எழுதுகிறார்: விருத்தசேதனத்தோடு அழைக்கப்பட்டவன் அதை மறைக்க வேண்டாம், இல்லாமல் அழைக்கப்பட்டவன் அதைத் தேட வேண்டாம். பிள்ளைகளுக்கு விருத்தசேதனம் வேண்டாம் என்று பவுல் யூதர்களுக்குப் போதிக்கிறார் என ஒரு வதந்தி எருசலேமில் பரவியபோது, அதைப் பொய்யாக்க அவர் ஆலயத்துக்கே போய் நேர்ச்சை செய்தவர்களோடு சேர்ந்து நின்றார். இது நடபடிகள் 21-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. இந்த அதிகாரத்தின் மேல் பிரசங்கம் கேட்பது அபூர்வம்.

அவருடைய உண்மையான வாதம் ரோமர் 4-ஆம் அதிகாரத்தில் வருகிறது. ஆபிரகாம் கடவுளை விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது. இது ஆதியாகமம் 15. விருத்தசேதனக் கட்டளை 17-ஆம் அதிகாரம். நடுவில் இஸ்மவேல் பிறந்து 13 வயதாகிவிட்டது. ஆக, நீதிமானாக எண்ணப்பட்டபோது ஆபிரகாம் விருத்தசேதனமில்லாதவன். அதனால் அவன் விருத்தசேதனம் இல்லாமல் விசுவாசிக்கிறவர்களுக்கும் தகப்பன், விருத்தசேதனம் பெற்று அதே விசுவாசத்தில் நடக்கிறவர்களுக்கும் தகப்பன். ஒரே வீடு, இரண்டு வகைப் பிள்ளைகள். ரபீக்கள் 17-ஐப் பிடித்து நின்றார்கள். விருத்தசேதனம் பெறும்வரை ஆபிரகாம் பூரணன் என்று அழைக்கப்படவில்லை என்று தல்மூத் சொல்லும். பவுல் 15-ஐப் பிடித்து நின்றார். இரண்டு பக்கமும் கையில் இருந்தது ஒரே புத்தகம், ஒரே தகப்பனின் கதை.

கலாத்தியர் கடிதத்தின் கோபத்தையும் இந்த வெளிச்சத்தில்தான் வாசிக்க வேண்டும். விருத்தசேதனம் செய்துகொண்டால் கிறிஸ்துவால் உங்களுக்குப் பிரயோஜனம் இல்லை என்று அவர் கொதிப்பது புறஜாதி விசுவாசிகளிடம். முதலில் யூதனாகு, அப்புறம்தான் கடவுளின் பிள்ளை என்று அவர்களிடம் சொல்வது, கிறிஸ்து திறந்த கதவை மறுபடி சாத்துவதாக அவருக்குப் பட்டது.

பிறகு வந்த சபை இதை வேறு திசையில் கொண்டுபோனது. கொலோசெயர் கடிதம் கையால் செய்யப்படாத விருத்தசேதனத்தையும் ஞானஸ்நானத்தையும் அருகருகே வைத்துப் பேசுகிறது. அதிலிருந்து, பழையதன் இடத்தைப் புதியது பிடித்தது என்ற புரிதல் வளர்ந்தது. கி.பி. 253 வாக்கில், குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க எட்டு நாள் காத்திருக்க வேண்டுமா என்ற கேள்வி கார்த்தேஜ் ஆயர் சிப்ரியானிடம் வந்தது. தேவையில்லை என்று அவரும் உடனிருந்த ஆயர்களும் பதில் எழுதினார்கள். சீர்திருத்தக் காலத்தில் ஸ்விங்கிலியும் கால்வினும் குழந்தை ஞானஸ்நானத்துக்கு ஆதியாகமம் 17-ஐயே ஆதாரமாகக் காட்டினார்கள். விசுவாசித்த பிறகே ஞானஸ்நானம் கொடுக்கும் பாப்டிஸ்டுகள் அந்த ஒப்புமையை இன்றும் ஏற்பதில்லை. ஞானஸ்நானத்தில் வந்த ஒரு பெரிய மாற்றம், பெண்களுக்கும் அதே அடையாளம் கிடைத்தது. ஆணுக்கு மட்டும் அடையாளம் என்ற கேள்வியை யூதக் குடும்பங்களும் இன்று எதிர்கொள்கின்றன. பெண் குழந்தைகளை உடன்படிக்கைக்குள் வரவேற்றுப் பெயர் சூட்டும் விழாக்கள் கடந்த சில பத்தாண்டுகளில் பல சமூகங்களில் வேரூன்றியிருக்கின்றன.

இந்த வரலாற்றில் இருண்ட பக்கமும் உண்டு. இரண்டாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ எழுத்தாளர் யுஸ்தின், யூதர்களைத் தனித்துக் காட்டி அவர்கள் துன்பப்படும்படியே இந்த அடையாளம் கொடுக்கப்பட்டது என்று எழுதினார். யூதர்கள் ரோமரிடம் தோற்று எருசலேமை இழந்து சில பத்தாண்டுகளே ஆகியிருந்த நேரம் அது. வாக்குறுதியின் முத்திரையைத் தண்டனையின் முத்திரையாகப் புரட்டிய இந்தப் பேச்சைப் படிக்கும்போது இன்றும் மனம் கூசுகிறது. நாஜிகளின் காலத்தில், ஒளிந்திருந்த யூத ஆண்களை ஆடை அவிழ்த்துப் பார்த்து அடையாளம் கண்டார்கள். யுஸ்தின் அதற்குப் பொறுப்பல்ல. ஆனால் யூதரின் உடலை இகழ்ந்து பேசும் பழக்கம் கிறிஸ்தவ உலகில் நெடுங்காலம் ஊறியிருந்தது என்பதை மறுக்க முடியாது.

கிறிஸ்தவர்கள் எல்லாருமே இதை விட்டுவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்கள் நெடுங்காலமாகச் செய்துவருகிறார்கள். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபையில் எட்டாம் நாளிலேயே செய்வது வழக்கம். 1442-ல் புளோரன்ஸ் பொதுச்சங்கம், இரட்சிப்புக்காக நம்பினாலும் நம்பாவிட்டாலும் கிறிஸ்தவர்கள் இதைச் செய்யக் கூடாது என்று கண்டித்தது. நூறு ஆண்டுகளுக்குப் பின் எத்தியோப்பிய அரசர் கலாவ்தேவோஸ் தம் விசுவாச அறிக்கையில், பவுலின் வார்த்தைகள் எங்களுக்குத் தெரியும், நாங்கள் செய்வது நாட்டு வழக்கமாகத்தான் என்று பதில் எழுதினார். அமெரிக்கக் கிறிஸ்தவர்களிடையே இது பரவியது வேறு கதை. அது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மருத்துவர்கள் வழியாக வந்தது, மதத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஜனவரி 1-ஐ மேற்கத்திய சபை நூற்றாண்டுகளாக இயேசுவின் விருத்தசேதனத் திருநாளாகக் கொண்டாடியது. டிசம்பர் 25-லிருந்து எண்ணினால் அது எட்டாம் நாள். 1960-ல் கத்தோலிக்க நாட்காட்டியில் அந்தப் பெயர் எடுக்கப்பட்டது. 1969 முதல் அது கடவுளின் தாய் மரியாவின் பெருவிழா. ஆங்கிலிக்கன், லூத்தரன், ஆர்த்தடாக்ஸ் நாட்காட்டிகளில் பழைய பெயர் இன்னும் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. பெயர் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. இயேசு யூதக் குழந்தையாக, யூதச் சடங்குக்குள் வளர்ந்தவர் என்பதை ஆண்டுக்கு ஒருமுறையாவது எல்லாச் சபைகளுக்கும் சொன்ன நாள் அது.

2012-ல் ஜெர்மனியின் கொலோன் நகர நீதிமன்றம், மருத்துவக் காரணமில்லாமல் ஒரு சிறுவனுக்கு விருத்தசேதனம் செய்வது உடல் காயம் ஏற்படுத்தும் குற்றம் என்று தீர்ப்பளித்தது. வழக்கு ஒரு முஸ்லிம் குடும்பத்துச் சிறுவனைப் பற்றியது. ஆனால் யூதர்கள் அதிர்ந்துபோனார்கள். குழந்தையின் உடல்மீது பெற்றோருக்கு எவ்வளவு உரிமை என்ற கேள்வி நியாயமானது, அதை அலட்சியப்படுத்தக் கூடாது. அதே சமயம், எட்டாம் நாள் என்பது உடல்நலக் காரணம் இல்லாமல் தள்ளிவைத்துக்கொள்ளக்கூடிய தேதி அல்ல என்பதையும் புரிந்துகொள்ளாமல் அந்த விவாதம் நியாயமாக நடக்க முடியாது. அப்போது யூதர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் ஆதரவாகப் பேசியவர்களில், தாங்கள் விருத்தசேதனம் செய்யாத ஜெர்மன் கத்தோலிக்க ஆயர்களும் புராட்டஸ்டண்ட் சபையும் இருந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் பாராளுமன்றம் சட்டம் கொண்டுவந்து இதை அனுமதித்தது. குழந்தை பிறந்த முதல் ஆறு மாதத்துக்குள், மத சமூகம் நியமித்த, மருத்துவருக்கு ஒப்பான பயிற்சி உள்ளவர் செய்யலாம் என்று அதில் ஒரு பிரிவு இருக்கிறது. மோகெல்களை மனதில் வைத்து எழுதிய பிரிவு அது.